கனடாவிலிருந்து வந்த போத்தலும் கிளினிக் குளிசையும்

மூன்று மாதமாக ஒரு குளிசையும் போடாமல் வந்திருந்தார் அந்த ஐயா. இளைப்பாறிய சைவசமய ஆசிரியர், அறுபத்தெட்டு வயது, சுன்னாகப் பக்கம். கிளினிக் கொப்பியை மேசையில் வைத்த கையோடு வெள்ளைப் போத்தல் ஒன்றையும் எடுத்து வைத்தார். மகள் ரொறன்ரோவிலிருந்து அனுப்பியது. மேலே என்.எம்.என். என்று எழுதியிருந்தது, முதுமையைத் தள்ளிப்போடும் என்று சொல்லி விற்கப்படும் துணைக் குளிசை. பிறகு கைபேசியை எடுத்து வாட்ஸ்அப்பில் வந்த ஒரு குரல் பதிவைப் போட்டுக் காட்டினார். முதுமையை நிறுத்தும் மருந்தை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்களாம். பெரும் பணக்காரர்கள் அதைத் தங்களுக்குள் வைத்துக்கொண்டு, எங்களுக்குச் சிறுநீரகத்தை அழிக்கும் சீனிக் குளிசையைத் தருகிறார்களாம்.

மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் பரிசோதனையில் அவருக்கு 11.2 வந்திருந்தது. முந்திய முறை 7.1. செருப்பு வெட்டிய சிறு புண் ஒன்று மூன்று கிழமையாக ஆறாமல் இருந்தது.

"பிள்ளை, உங்களில் எனக்குக் குறை இல்லை. ஆனால் உங்களுக்கும் அவர்கள் சொல்லித்தர மாட்டார்கள்" என்றார்.

அவரை அறியாதவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் இருந்த ஊர் இது. உலகில் மருந்து இருந்தும் எங்களுக்கு வந்து சேராத காலத்தைக் கண்டவர்கள் இன்று என் கிளினிக்குக்கு வருகிறார்கள். 2022இல் நாடு வங்குரோத்தானபோது வைத்தியசாலையில் இல்லாத மருந்துகளை எழுதிக்கொடுத்து வெளியே வாங்கச் சொன்னோம். 2023இல் போலி இம்யூனோகுளோபுலின் ஊசி மருந்து அரச வைத்தியசாலைகளுக்குள் வந்த விவகாரம் வெளியாகி, 2024 பெப்ரவரியில் முன்னாள் சுகாதார அமைச்சர் ஒருவரே கைது செய்யப்பட்டார். இவ்வளவையும் பார்த்த மனிதர் "மறைக்கிறார்கள்" என்ற சொல்லை நம்பினால் அதில் வியப்பில்லை.

ஆனால் அந்த ஊசி மருந்து விவகாரம் எப்படி வெளியே வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். நோயாளிகளுக்கு ஒவ்வாமை வந்தது. வைத்தியர்கள் அறிக்கையிட்டார்கள். மருந்தைப் பரிசோதித்தார்கள், ஆவணங்களைத் தேடினார்கள், வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. உண்மையான மோசடிக்கு ஒரு தொகுதி இலக்கமும் ஒரு கையொப்பமும் இருக்கும். ஐயாவின் கைபேசியில் பேசிய குரலுக்குப் பெயர்கூட இல்லை.

அந்தக் குரல் சொன்னதில் உண்மைத் துண்டுகளும் இருந்தன, அவற்றை மறுக்கக்கூடாது. முதுமையைப் பற்றிய ஆராய்ச்சியில் பெரும்பணம் கொட்டப்படுகிறது. கூகுள் 2013இல் கலிகோ என்ற நிறுவனத்தைத் தொடங்கியது. 2022இல் அல்டோஸ் லாப்ஸ் மூன்று பில்லியன் டொலர் முதலீட்டோடு தொடங்கியது. முதிர்ந்த உயிரணுவைத் திரும்பவும் இளநிலைக்குக் கொண்டுபோகலாம் என்று ஜப்பானிய விஞ்ஞானி ஷின்யா யமனகா 2006இல் எலியின் உயிரணுக்களில் காட்டினார், 2012இல் நோபல் பரிசு பெற்றார். 2025 செப்டெம்பரில் பெய்ஜிங் இராணுவ அணிவகுப்புக்கு நடந்து போகும்போது ரஷ்ய, சீனத் தலைவர்கள் உறுப்பு மாற்றுச் சிகிச்சையைப் பற்றியும் 150 வயது வரை வாழ்வதைப் பற்றியும் பேசியது ஒலிவாங்கியில் பதிவாகிவிட்டது. அந்தக் காணொளியும் ஐயாவின் கைபேசியில் இருந்தது. இரு தலைவர்களின் ஆசையைத்தான் அது காட்டுகிறது. மருந்து கையில் இருப்பவர்கள் அப்படி ஆசைப்பட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள்.

இளைஞரின் இரத்தத்தை ஏற்றினால் இளமை திரும்பும் என்ற கதைக்கும் ஒரு வேர் உண்டு. வயதான எலியையும் இளம் எலியையும் ஒரே இரத்த ஓட்டத்தில் இணைத்தபோது வயதான எலியின் தசை நன்றாக ஆறியது என்று 2005இல் ஓர் ஆய்வு வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அமெரிக்காவில் ஒரு நிறுவனம் இளைஞரின் இரத்தத் திரவவிழையத்தை, அதாவது பிளாஸ்மாவை, லீற்றர் 8,000 டொலருக்கு விற்றது. நிரூபிக்கப்பட்ட பயன் எதுவும் இல்லை, ஆபத்து உண்டு என்று அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2019இல் எச்சரித்தது. பிரயன் ஜோன்சன் என்ற செல்வந்தர், தன் உடலை இளமையாக வைத்திருக்க ஆண்டுக்கு இரண்டு மில்லியன் டொலர் செலவிடுவதாகச் சொல்பவர், 2023இல் தன் பதினேழு வயது மகனின் திரவவிழையத்தை ஏற்றிக்கொண்டார். பரிசோதித்துப் பார்த்துவிட்டு, பயன் தெரியவில்லை என்று தானே சொல்லி நிறுத்திவிட்டார்.

இதைக் கேட்டதும் ஐயா நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது யயாதி கதை அல்லவா! மகன் பூருவிடம் இளமையை வாங்கினவன், கடைசியில் திருப்பிக் கொடுத்தானே." வகுப்பறையில் எத்தனை முறை சொல்லியிருப்பாரோ, அந்தக் குரலே வந்துவிட்டது. நான் ஒரு மணிநேரம் பேசினாலும் அவருக்கு ஏறாதது அவருடைய கதையிலேயே ஏறியது.

ரபமைசின் என்ற மருந்தைப் பற்றியும் கேட்டார். அதை யாரும் ஒளித்து வைக்கவில்லை. ஈஸ்டர் தீவின் மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து வந்தது, சிரோலிமஸ் என்ற பெயரில் சிறுநீரகம் மாற்றியவர்களுக்குப் பல ஆண்டுகளாகக் கொடுக்கப்படுகிறது. எலிகளின் ஆயுளை நீட்டியது என்று 2009இல் ஆய்வு வந்தது உண்மை. அதே ஜோன்சன் ஏறக்குறைய ஐந்து ஆண்டு அதைப் போட்டு, தோல் தொற்று வந்து, சீனியும் நாடித் துடிப்பும் கூடியதால் 2024இல் விட்டுவிட்டார். மகள் அனுப்பிய என்.எம்.என். மனித இரத்தத்தில் ஒரு வேதிப்பொருளின் அளவைக் கூட்டுகிறது. அதனால் மனிதரின் ஆயுள் கூடியது என்பதற்குச் சான்று இல்லை.

இனி நான் மனம் நொந்து எழுத வேண்டிய இடம். ஐயா குப்பைக்குள் போட்ட குளிசை மெற்போமின். முதுமையைத் தள்ளிப்போட முடியுமா என்று விஞ்ஞானிகள் பெரிய அளவில் சோதிக்க விரும்பும் மருந்துகளில் முன்னால் நிற்பது அதுதான். 1957இல் பிரான்ஸில் ஜோன் ஸ்டேர்ன் என்ற வைத்தியர் நீரிழிவுக்குக் கொடுத்துத் தொடங்கியது. 1998இல் வெளியான பிரித்தானிய ஆய்வு, உடல் எடை கூடிய நீரிழிவு நோயாளிகளில் மெற்போமின் எடுத்தவர்களின் இறப்பு, உணவுக் கட்டுப்பாட்டை மட்டும் நம்பியவர்களைவிட 36 வீதம் குறைந்திருந்ததைக் காட்டியது. நீரிழிவு இல்லாதவருக்கு ஆயுளைக் கூட்டுமா என்பது இன்னும் நிரூபிக்கப்படவில்லை. அதைச் சோதிக்க நியூயோர்க்கின் நிர் பார்சிலாய் என்ற வைத்தியர், 65இலிருந்து 79 வயது வரையான மூவாயிரம் பேரை வைத்து ஓர் ஆய்வைத் திட்டமிட்டார். பல ஆண்டுகளாக அதற்குப் பணம் சேர்ப்பதே பெரும்பாடாக இருக்கிறது. காப்புரிமை முடிந்த மலிவுக் குளிசையில் எந்தக் கம்பனிக்கும் பெரிய இலாபம் இல்லை.

எனக்குக் கோபம் வருவது அங்கேதான். மறைக்கப்பட்ட மருந்தைத் தேடுகிறோம், கண் முன்னே கிடக்கும் மலிவான மருந்தைச் சோதிக்க ஆளில்லை என்பதை யாரும் குரல் பதிவில் பேசுவதில்லை. இலவசமாகக் கையில் தந்தால் அதற்கு மதிப்பும் இல்லை.

"அப்படியானால் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ஏன் அதை நிறுத்துகிறீர்கள்?" என்று பக்கத்தில் இருந்த மனைவி கேட்டார். நல்ல கேள்வி. யாழ்ப்பாணத்தில் இந்த வதந்தி பிறக்கும் இடமே இதுதான் என்று நினைக்கிறேன். மெற்போமின் சிறுநீரகத்தைப் பழுதாக்குவதில்லை. வேறு காரணத்தால் சிறுநீரகத்தின் வேலை மிகவும் குறைந்தால் குளிசை உடலில் தங்கிவிடும், அதனால் நிறுத்துகிறோம். ஒழுகும் வீட்டிலிருந்து அரிசி மூட்டையை எடுத்து வைப்பதைப் பார்த்து, அரிசிதான் கூரையைப் பிரித்தது என்று சொல்வதைப் போன்றது இது. சிறுநீரகத்தை அரிப்பது கட்டுப்படாத சீனியும் பிரஷரும். முழங்கால் நோவுக்கென்று வைத்தியரைக் கேளாமல் பார்மசியில் வாங்கி மாதக்கணக்கில் போடும் டைக்குளோபினக்கும் அந்த வேலையைச் செய்யும். உலோகம் சேர்ந்த பற்பங்களைத் தெரியாத ஆளிடம் வாங்கிச் சாப்பிட்டாலும் அதே கதி. சித்த மருத்துவம் வேண்டுமானால் கைதடிச் சித்த வைத்தியசாலைக்குப் போங்கள், ஆனால் என்னிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

பணக்காரர் கூடுதலாக வாழ்வது உண்மையா? ஆம். அமெரிக்காவில் மிகப் பணக்கார ஒரு வீத ஆண்கள் மிக வறிய ஒரு வீத ஆண்களைவிட ஏறக்குறைய 15 ஆண்டு கூட வாழ்கிறார்கள் என்று பொருளியலாளர் ராஜ் செட்டியின் குழு 2016இல் கணக்கிட்டது. அந்த ஆண்டுகளை ஒரு இரகசியக் குளிசை தரவில்லை. குறைவாகப் புகைக்கிறார்கள், நடக்க நேரம் இருக்கிறது, மனதை அரிக்கும் கடன் இல்லை. ஆனாலும் ஸ்டீவ் ஜொப்ஸ் 56 வயதில் போனார். மைக்ரோசொப்டைத் தொடங்கிய இருவரில் ஒருவரான போல் அலன், ஆராய்ச்சிக்கென்றே பெருந்தொகை கொடுத்தவர், 65இல் புற்றுநோயால் இறந்தார். இலங்கையில் நாற்பதுகளின் நடுவில் சராசரி ஆயுள் ஐம்பதைத் தொடவில்லை, இன்று எழுபத்தைந்தைத் தாண்டி நிற்கிறது. மலேரியா ஒழிப்பும் தடுப்பூசியும் வீட்டுக்கு வந்த குடும்பநல மருத்துவமாதும் இலவச வைத்தியசாலையும் சேர்ந்து செய்த வேலை அது. அவ்வளவு ஆண்டுகளை எந்தக் கோடீஸ்வரராலும் இன்னும் வாங்க முடியவில்லை.

இந்தக் கதைகளின் இன்னொரு முகம் என்னைப் பயப்படுத்துகிறது. பெரும் பணக்காரர்கள் பிள்ளைகளின் இரத்தத்தைக் குடிக்கிறார்கள் என்ற பேச்சு. அதில் அட்ரினோகுரோம் என்ற பெயர் அடிபடும். அட்ரினலின் காற்றுப்பட்டு மாறும்போது வரும் சாதாரணப் பொருள் அது, இளமை தரும் சக்தி எதுவும் அதற்கு இல்லை. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக யூதர்கள் மேல் இதே பழியைப் போட்டுத்தான் கொன்றார்கள். இங்கே, சனசமூக நிலையத்தில் இரத்ததான முகாம் நடந்த அன்று ஒரு தாய் மகனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். "பிள்ளையின் இரத்தத்தைப் பணக்காரருக்கு விற்கப் போகிறார்கள்" என்றார். அந்த இரத்தம் போவது பிரசவ அறைக்கும் தலசீமியாப் பிள்ளைக்கும்.

ஐயாவின் புண் ஆற ஏழு கிழமை எடுத்தது. இப்போது மூன்று மாதச் சீனி 7.9. போன முறை வந்தபோது தன் கைபேசியை நீட்டி, "பிள்ளை, எனக்குச் சொன்னதை இதற்குள் ஒருமுறை சொல்லுங்கள், அதே குழுவுக்கு அனுப்ப வேண்டும்" என்றார். என் பெயரையும் வேலை செய்யும் இடத்தையும் முதலில் சொல்லி, மூன்று நிமிடம் பேசிக் கொடுத்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அந்தக் குழுவிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு சொப்பிங் பை. உள்ளே லண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் வந்த போத்தல்கள். ஒவ்வொன்றாக லேபலைப் படித்தோம்.