21 புள்ளி முன்னிலை எப்படிக் கரைந்தது?

2016 மார்ச் 8 அன்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஜனநாயகக் கட்சியின் பிரைமரி, அதாவது அதிபர் வேட்பாளரை மக்களே தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தல், நடந்தது. ஹிலாரி கிளின்டன் சராசரியாக 21 சதவீதப் புள்ளிகள் முன்னிலையில் இருப்பதாகக் கருத்துக்கணிப்புகள் கூறியிருந்தன. வாக்குகளை எண்ணி முடித்தபோது பேர்னி சாண்டர்ஸ் ஏறத்தாழ ஒன்றரைப் புள்ளி வித்தியாசத்தில் வென்றிருந்தார்.

கணிப்புகளின் அடியில் அச்சிடப்படும் ‘பிழை வரம்பு’ இதை விளக்கப் போதாது. 400 பேரிடம் கேட்டால் ஒவ்வொருவரின் ஆதரவு விகிதமும் சுமார் 5 புள்ளி மேலேயோ கீழேயோ விலகலாம். ஒருவருக்குக் கூடுவது மற்றவருக்குக் குறைவதால் இருவருக்கும் இடையிலான வித்தியாசத்தில் அது ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஆகவே 4 புள்ளி முன்னிலையைச் சமநிலை என்றே படிப்பது நல்லது. ஆனால் பல கணிப்புகள் ஒரே திசையில் 20 புள்ளிக்கு மேல் தவறுவது தற்செயலால் நேர்வதன்று.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது உண்மைதான். ஆனால் எந்தப் பானை என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். பொதுத் தேர்தலைவிடப் பிரைமரியில் மிகக் குறைவானவர்களே வாக்களிக்கிறார்கள், அவர்கள் யார் என்பது வாக்குப்பதிவு நாளில்தான் முடிவாகிறது. மிச்சிகனில் வாக்காளர்கள் கட்சிவாரியாகப் பதிவு செய்துகொள்வதில்லை. வாக்குச்சாவடிக்கு வந்து எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டு வேண்டும் என்று கேட்டுப் பெறலாம். எனவே தொலைபேசியில் பிடிக்க வேண்டியவர்களின் பட்டியல் என்று எதுவுமே இல்லை. வாக்களிப்பீர்களா என்று கேட்டால், வராதவர்களிலும் பலர் வருவோம் என்றே சொல்வார்கள். நிறுவனங்கள் இதனால் முந்தைய தேர்தல்களைப் பார்த்து, வரப்போகும் கூட்டத்தின் வயது, இன, பாலின விகிதங்களைத் தாமே ஊகித்து, பதில்களுக்கு அதற்கேற்ப எடை கொடுக்கின்றன.

அந்த ஊகம் என்ன செய்யும் என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். 50 வயதுக்குக் கீழானவர்களில் 65 சதவீதம் பேர் ‘அ’ என்பவரையும், மேலானவர்களில் 62 சதவீதம் பேர் ‘ஆ’ என்பவரையும் ஆதரிப்பதாகக் கொள்வோம். வாக்களிக்க வருவோரில் இளையவர்கள் கால் பங்கு என்று வைத்தால் ‘ஆ’ 55-க்கு 45 என்று எளிதாக வெல்கிறார். அவர்களே 45 சதவீதம் என்று வைத்தால் ‘அ’ 50.15 பெற்று முந்திவிடுகிறார். பேட்டி ஒன்றும் மாறவில்லை, ஒருவரது பதிலும் மாறவில்லை; அலுவலகத்தில் அமர்ந்து ஒருவர் எழுதிய ஒரே ஓர் எண் மட்டும் மாறியிருக்கிறது. பிழை வரம்பு இந்த எண்ணைத் தொடுவதே இல்லை. நாளிதழ்கள் இதைச் சொல்லாமல் விடுவது வாசகருக்குச் செய்யும் பெரிய குறை என்றே நான் கருதுகிறேன்.

மிச்சிகனில் அந்த எண்ணை ஊகிக்க நல்ல துணையும் இல்லை. 2008-இல் அம்மாநிலம் தேசியக் கட்சியின் விதியை மீறித் தேர்தலை ஜனவரிக்கு முன்னகர்த்தியதால் பராக் ஒபாமாவின் பெயர் வாக்குச்சீட்டிலேயே இடம்பெறவில்லை; 2012-இல் அதிபராக இருந்த அவருக்கு வலுவான போட்டியே இல்லை. இளைஞர்கள் எவ்வளவு பேர் திரண்டு வருவார்கள் என்பதற்கு அண்மைய முன்மாதிரி கிடைக்கவில்லை. தானியங்கி முறையில் கைப்பேசிகளை அழைப்பதற்குச் சட்டக் கட்டுப்பாடு இருப்பதால், சில கணிப்புகள் வீட்டுத் தரைவழித் தொலைபேசிகளை மட்டுமே நம்பியிருந்தன. கைப்பேசி மட்டும் வைத்திருந்த இளைஞரின் குரல் அவற்றில் ஏறவே வழியில்லை. வாக்களித்து வெளியே வந்தவர்களிடம் அன்று எடுத்த கணிப்பின்படி, 30 வயதுக்குட்பட்டோர் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. அவர்களில் சுமார் 80 சதவீதம் பேர் சாண்டர்ஸுக்கு வாக்களித்திருந்தார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. பொதுத் தேர்தலில் கட்சிப் பற்று வாக்காளரை நங்கூரம்போல் பிடித்து நிறுத்துகிறது. பிரைமரியில் இருவரும் ஒரே கட்சியினர், கொள்கையிலும் பெரும்பாலும் அருகருகே நிற்பவர்கள். ஒருவரை விட்டு மற்றவரிடம் போவது வாக்காளருக்குக் கடினமன்று. மார்ச் 6 அன்று, தேர்தலுக்கு இரண்டே நாள் முன்பு, ஃபிளின்ட் நகரில் இருவரும் நேருக்கு நேர் விவாதித்தார்கள். அதற்கு முன் எடுத்த பேட்டிகளில் அதன் தாக்கம் இருக்க முடியாது. ஆகவே கணிப்பு வெளியான தேதியை விட, பேட்டிகள் எடுக்கப்பட்ட தேதியையும் இன்னும் முடிவெடுக்காதோரின் அளவையும் தேடிப் படிக்க வேண்டும்.

மிச்சிகனுக்குப் பின் சாண்டர்ஸின் ஆதரவைக் கணிப்புகள் எங்கும் குறைத்தே காட்டும் என்று பலர் எண்ணினார்கள். ஒரு வாரம் கழித்து, மார்ச் 15 அன்று, அண்டை மாநிலமான ஒஹாயோவில் கிளின்டன் கணிப்புகள் காட்டியதைவிடக் கூடுதலாக, சுமார் 13 புள்ளி வித்தியாசத்தில் வென்றார்.