கத்தியை எடுக்க ஏன் ஒரு மாதம்?

கடலூர் தெருவொன்றில் சைக்கிள் பழகும் சிறுவன் தடுமாறி விழுகிறான். ஹேண்டில்பாரின் முனை மேல்வயிற்றில் குத்துகிறது. வெளியே கீறல்கூட இல்லை. உள்ளே, அந்த முனைக்கும் முதுகெலும்புக்கும் நடுவில், இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் செரிமானச் சுரப்பியான கணையம் நசுங்கியிருக்கிறது. மறுநாள் அவன் குனிந்தபடி வாந்தியும் வலியுமாகத் துடிக்கும்போதுதான் வீட்டாருக்கு விஷயம் புரிகிறது.

பித்தப்பைக் கல், சில மருந்துகள், மரபணுக் குறை ஆகியவற்றாலும் குழந்தைகளுக்குக் கணைய அழற்சி, அதாவது கணைய வீக்கம், வரும். பெரும்பாலோர் சில நாளில் தேறிவிடுவார்கள். சிலருக்குத்தான் கணையம் தன்னைத்தானே செரிக்கத் தொடங்குகிறது.

ஆட்டுக்கறி மெத்தென்று வேகப் பப்பாளிக்காய்த் துண்டு சேர்க்கிறோம். அதிலுள்ள நொதி புரதத்தை அறுக்கிறது. கணையம் சுரக்கும் டிரிப்சினும் அதே வேலைக்காரன்தான். வழக்கமாக உறங்கியபடியே சிறுகுடலுக்குப் போய், அங்கேதான் விழிக்கும். அழற்சியில் சுரப்பிக்குள்ளேயே விழித்துக் கணையத்தையே அறுக்கிறது. அந்தத் திசு செத்து அழுகுகிறது.

புதுச்சேரி கோரிமேட்டு ஜிப்மர் மருத்துவமனைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடும் பெற்றோர், "அழுகியதை உடனே வெட்டி எடுத்துவிடலாமே" என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. முன்பு மருத்துவர்களும் வயிற்றைத் திறந்து அப்படிச் செய்தவர்களே. ஆனால் முதல் வாரங்களில் செத்த திசுவும் உயிருள்ள திசுவும் பின்னிக் கிடக்கும். கை வைத்தால் ரத்தம் பெருகும். கட்டி பழுக்காமல் கீறாதே என்பார்கள் நம் பாட்டிமார். இங்கும் அதுதான் வழி. சுமார் 4 வாரத்தில் உடலே அழுகலைச் சுற்றிச் சுவர் கட்டிவிடும். அதுவரை மூக்கு வழியாகச் செல்லும் குழாயில் உணவு கொடுத்துக் குழந்தையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். என் பார்வையில் இந்தக் காத்திருப்பே சிகிச்சையின் கடினமான பகுதி.

இடையில் கிருமி தொற்றி நிலை மோசமானால், ஸ்கேன் பார்த்தபடி விலாப்பக்கத் தோல் வழியே மெல்லிய குழாயைச் செருகிச் சீழை வடிப்பார்கள். பெரியவர்களிடம் நெதர்லாந்தில் நடந்து 2010-ல் வெளியான ஆய்வில், முதலில் வடிகுழாய், தேவைப்பட்டால்தான் அறுவை என்று படிப்படியாகப் போனவர்களில் 35 சதவீதம் பேருக்கு வடிகுழாயே போதுமாக இருந்தது. போதாதபோது அதே தடத்தை அகலப்படுத்திக் கேமராவை நுழைத்து, தளர்ந்த திசுவைத் துண்டு துண்டாக எடுப்பார்கள். குடல்களைத் தொடாமல் பின்புறமாகவே போவதால் வயிறு முழுக்கச் சீழ் பரவும் ஆபத்து குறைகிறது.

மற்றொரு பாதை வாய் வழியே. சீழ்க்குளம் பெரும்பாலும் இரைப்பையை ஒட்டியே தேங்குகிறது. முனையில் அல்ட்ராசவுண்ட் உள்ள எண்டோஸ்கோப் என்ற கேமராக் குழாயை இரைப்பைக்குள் இறக்கி, சுவரைத் துளைத்து ஸ்டென்ட் என்ற சிறு குழாயைப் பொருத்தினால் சீழ் இரைப்பைக்குள் வடியும். தோலில் ஒரு வெட்டுகூட இல்லை. ஆனால் அந்தக் கருவி பெரியவர்களுக்கென வடிவமைத்த தடிமன் கொண்டது. மிகச் சிறிய குழந்தையின் தொண்டையில் இறங்காது.

ஸ்கேனில் குழி சுருங்கியது தெரிந்ததும் ஸ்டென்டை எடுத்துவிடுவார்கள். அதன் பிறகும் ரத்தச் சர்க்கரையைச் சோதித்து வர வேண்டும். இன்சுலினும் அதே கணையத்தில்தான் சுரக்கிறது.