ராத்திரி ஓட்டினா ரூம் காசு மிச்சமா தம்பி?

போன மார்கழியில் ஒருநாள், விடிகாலை மூன்றே முக்காலுக்குப் போன் அடித்தது. இந்தத் தொழிலில் அந்த நேரத்தில் வருகிற போனில் நல்ல சேதி வந்ததே இல்லை.

"அண்ணே, வண்டி இடிச்சிருச்சுண்ணே. கரும்பு டிராக்டர்ல. ஒருத்தனுக்குத் தோள் போயிருச்சு."

ஆவணப்படம் எடுக்கப்போன பையன்கள். கர்நாடகாவில் விஜயபுரா தாண்டி, சோலாப்பூருக்கு முன்னால் நடுரோட்டில் நிற்கிறார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் எனக்கு முதலில் வந்தது கோபம்தான். "ராத்திரி ஏன்டா ஓட்டுனீங்க?" பதில் யோசிக்காமல் வந்தது: "ரூம் காசு மிச்சமாகும்னு பாத்தோம்ணே."

இரண்டு வருஷத்தில் இந்தப் பதிலை நான் கேட்பது மூன்றாவது தடவை. அதனால்தான் எழுதுகிறேன்.

பதினெட்டு வருஷமாக மதுரையில் இருந்தபடி ஆவணப்பட யூனிட்டுகளுக்குத் தயாரிப்பு நிர்வாகம் பார்க்கிறேன். வண்டி, ரூம், சாப்பாடு, பேட்டா, அனுமதிக் கடிதம் எல்லாம் என் தலையில்தான். (படம் முடிந்து என் பெயர் ஓடுவதற்குள் ஹாலில் விளக்கைப் போட்டுவிடுவார்கள். அது வேறு வருத்தம்.) பெரிய கம்பெனி யூனிட்டுகளால் எனக்குத் தலைவலி குறைவு. கையில் ஒரு லட்சமோ ஒன்றரை லட்சமோ வைத்துக்கொண்டு இந்தியாவைக் குறுக்கே அளக்கக் கிளம்புகிற பிள்ளைகளை நினைத்துத்தான் தூக்கம் வருவதில்லை.

இந்தப் பையன்கள் எடுக்கப்போன படம் அருமையான விஷயம். திருமலை நாயக்கர் மஹால் பக்கத்துச் சௌராஷ்டிரா சமூகத்து வீடுகளில் சொல்லிவரும் இடப்பெயர்ச்சிக் கதையைத் தலைகீழாக நடந்து பார்ப்பது. குஜராத்தில் கிளம்பி, தேவகிரி, விஜயநகரம் வழியாக நாயக்கர் காலத்தில் மதுரைக்கு வந்து பட்டு நெய்த வழியை, மதுரையில் தொடங்கி குஜராத்தின் சோமநாத் வரை திரும்பிப் போவது. பெங்களூர், ஹம்பி (அந்த விஜயநகரம்), சோலாப்பூர், தௌலதாபாத் (அந்தத் தேவகிரி), சூரத், சோமநாத் என்று போக மட்டும் 2,000 கிலோமீட்டருக்கு மேல். அஞ்சு பேர், 14 நாள், 1,40,000 ரூபாய். மஹால் பக்கம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து திட்டத்தைப் பேப்பரில் காட்டினார்கள். ஊர், ஆள், பேட்டி எல்லாம் அழகாக எழுதியிருந்தது. தங்கும் இடம் என்ற கட்டத்தில் மட்டும் நாலு நாளுக்கு "டிராவல்" என்று இருந்தது. "இது வேண்டாம்" என்றேன். தலையாட்டினார்கள். அந்தப் பேப்பரை அங்கேயே கிழித்துப் போட்டிருக்க வேண்டும். டீக்குக் காசு கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

கணக்கைப் பார்ப்போம். அஞ்சு பேருக்குச் சுமாரான லாட்ஜில் இரண்டு ரூம், ராத்திரிக்கு 2,000 ரூபாய். நாலு ராத்திரிக்கு 8,000. மிச்சம் பிடிக்க நினைத்தது இவ்வளவுதான். காரின் முன்பக்கத்துக்கு மட்டும் 1,90,000 என்று ஒர்க்‌ஷாப்பில் எழுதிக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிச் செலவு தனி.

"அது விபத்துண்ணே, எல்லாருக்குமா நடக்குது?" என்பீர்கள். சரி, விபத்தே நடக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் ராத்திரிப் பயணத்தில் ஒரு பைசா மிச்சமில்லை. இதுதான் எத்தனை தடவை சொன்னாலும் மண்டையில் ஏறாத விஷயம், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

"மாத்தி மாத்தி ஓட்டுவோம், ஒருத்தன் ஓட்டும்போது மத்தவன் தூங்குவான்" என்கிறீர்கள். ஓடுகிற வண்டியில், டிரைபாட் பை மடியில் இடிக்க, கழுத்து ஒரு பக்கம் தொங்க, ஒவ்வொரு டோல்கேட்டிலும் லைட் முகத்தில் அடிக்க, அது தூக்கமா? பகல் முழுக்க ஷூட்டிங்கில் நின்றவன், அப்படி மூன்று மணி நேரம் கண்ணை மூடிக் கிடந்துவிட்டு விடிகாலை இரண்டு மணிக்கு ஸ்டியரிங் பிடிக்கிறான். காலை ஏழுக்கு எழுந்தவன் நடுராத்திரி ஓட்டினால் 17 மணி நேரம் விழித்திருக்கிறான் என்று அர்த்தம். அந்த நிலையில் ஒருவருடைய நிதானம், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது இருப்பவருடைய நிதானத்துக்கு இறங்கிவிடுகிறது என்று 1997-லேயே ஆராய்ந்து சொல்லிவிட்டார்கள். நம் நாட்டில் போலீஸ் ஊதச் சொல்லிப் பிடிக்கிற அளவே 30 மில்லிகிராம்தான். குடித்துவிட்டு ஓட்டுகிறவனோடு காரில் ஏறுவீர்களா? மாட்டீர்கள். இவனோடு ஏறுகிறீர்கள்.

டீ குடித்தால் போகும் என்பது அடுத்தது. டீ வேலை செய்யவே அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரமும் நீங்கள் ரோட்டில்தான் இருக்கிறீர்கள். பாட்டை அலறவிடுவது, கண்ணாடியை இறக்கிக் காற்று வாங்குவது, முகத்தில் தண்ணீர் அடிப்பது, சூயிங்கம்: எல்லாம் பத்து நிமிஷச் சமாதானம். தூக்கத்துக்கு மருந்து தூக்கம் ஒன்றுதான். 80-ல் போகும் வண்டி ஒரு விநாடியில் 22 மீட்டர் போகும். நாலு விநாடி கண் அசந்தால் கிட்டத்தட்ட 90 மீட்டர், ஆளே ஓட்டாமல் போன தூரம்.

நானும் யோக்கியனில்லை. 2011-ல், இதே மிச்சப் புத்தியில், தொப்பூர் கணவாய் இறக்கத்தில் விடிகாலை நாலரைக்கு ஓட்டி வந்தேன். தூங்கினேன் என்றே எனக்குத் தெரியாது. கண்ணைத் திறந்தபோது முன்னால் ஒரு லாரியின் முதுகு. "ஒலி எழுப்பவும்" என்ற எழுத்துக்குக் கீழே, பெயின்ட் அடித்த ஆர்டிஸ்ட்டின் போன் நம்பர் சின்னதாக இருந்தது. அதை என்னால் படிக்க முடிந்தது. அவ்வளவு பக்கம். பிரேக் பிடித்ததா, லாரிதான் விலகியதா, இன்றுவரை தெரியாது.

பையன்களுக்கு லாரி இல்லை, கரும்பு. விஜயபுரா, சோலாப்பூர் பக்கம் கார்த்திகை தொடங்கி அரவைக் காலம் முடியும்வரை ஒரு டிராக்டருக்கு இரண்டு டிரெய்லர் கோத்துக்கொண்டு ராத்திரியெல்லாம் ஆலைக்கு ஓடும். பல டிரெய்லர்களில் பின்னால் விளக்கும் இருக்காது, ரிப்ளெக்டர் ஸ்டிக்கரும் இருக்காது. கரும்புத் தோகை தொங்குவது தெரியும்போது நீங்கள் அதற்குள் இருப்பீர்கள். அந்தந்த ஊர் ரோட்டில் ராத்திரி என்ன ஓடும் என்பது எந்த மேப்பிலும் வராது.

இப்போது படத்துக்கு வருவோம். அதற்குத்தானே கிளம்பினீர்கள். இந்த யூனிட் முதல் ராத்திரிப் பயணத்துக்கு மறுநாள் எடுத்த பேட்டியை எனக்குப் போட்டுக் காட்டினார்கள். தறி ஓட்டிய பெரியவர் ஒருவர், தன் தாத்தாவிடம் கேட்ட கதையைச் சொல்கிறார். கிடைக்காத பேச்சு. ஹெட்போனில் கேட்டால், பதினோராவது நிமிஷத்திலிருந்து அவர் குரலுக்குப் பின்னால் இன்னொரு சத்தம். ஃபேன் என்று நினைத்தேன். குறட்டை. சவுண்ட் பார்த்த தம்பி மிக்ஸரை மடியில் வைத்துக்கொண்டே தூங்கியிருக்கிறான். டைரக்டர் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார், அவருக்கும் காதில் விழவில்லை. அவரும் எந்த நிலையில் இருந்திருப்பார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

லாட்ஜ் ரூம் என்பது படுக்க மட்டும் என்று நினைப்பதும் தப்பு. யூனிட்டுக்கு அதுதான் ஆபீஸ். பேட்டரி சார்ஜ் ஏறுவது அங்கே, கார்டு காப்பி ஆவது அங்கே. விநாடிக்கு 100 மெகாபிட் (எம்பிபிஎஸ்) அளவில் 4கே வீடியோ எடுத்தால் மணிக்கு 45 ஜிபி. நாளுக்கு மூன்று மணி நேரம் எடுத்தால் 135 ஜிபி; அதை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்ற வேண்டும், ஏற்றியதைத் திறந்து பார்க்க வேண்டும். குதிக்கிற காரில், மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் காப்பி போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும். இரண்டு டிஸ்க்கும் ஒரே பையில் இருந்தால் அது ஒரு காப்பிதான். ஒன்று டைரக்டர் பையில், இன்னொன்று வேறொருவர் பையில். கார்டை அழிக்கும் உரிமை ஒரே ஆளுக்கு.

வண்டி விஷயம். சிநேகிதனுடைய ஓன் போர்டு கார். ஏன் டி போர்டு வாடகைக் கார் எடுக்கவில்லை என்றால் கையில் விடை வைத்திருந்தார்கள்: டோலுக்கு அப்போது 3,000 ரூபாய்க்குக் கிடைத்த வருஷப் பாஸ். 2025 ஆகஸ்ட் 15-ல் வந்தது அது. ஒரு வருஷம் அல்லது 200 தடவை, எது முந்துகிறதோ அதுவரை. சொந்த உபயோகக் கார்களுக்கு மட்டும். நல்ல பாஸ்தான். ஆனால் தேசிய நெடுஞ்சாலை டோலுக்குத்தான் செல்லும், மாநிலச் சாலை டோலில் வழக்கம்போலக் காசு போகும். அதை விடுங்கள். சிநேகிதனுக்கு நாளுக்கு 1,500 என்று வாடகை பேசியிருக்கிறார்கள். இன்சூரன்ஸ் விசாரணைக்கு வந்தவர் சாதாரணமாகக் கேட்க, நம்ம பிள்ளை வெள்ளந்தியாக "வாடகைக்கு எடுத்தோம் சார்" என்று எழுதியே கொடுத்துவிட்டான். சொந்த உபயோகத்துக்கு என்று பாலிசி எடுத்த வண்டியை வாடகைக்கு ஓட்டினால் கிளெய்ம் நிற்காது. 1,90,000-ம் சிநேகிதன் தலையில். அவனோடு இப்போது பேச்சுவார்த்தை இல்லை.

ஆகவே தம்பிகளா, வாடகை கொடுப்பதானால் ஆல் இந்தியா பெர்மிட் உள்ள டி போர்டு, டிரைவரோடு. நீங்களே ஓட்டித்தான் ஆக வேண்டுமானால் கறுப்பு நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்துள்ள செல்ஃப் டிரைவ் வண்டி. சொந்தக்காரர் வண்டியைச் சும்மா தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், டீசல் போடுங்கள், வாடகை என்ற பேச்சே வேண்டாம். டயர், ஸ்டெப்னி, ஜாக்கி பற்றியெல்லாம் நான் சொல்லவேண்டியதில்லை.

டிரைவர் எடுத்தால் அவருக்கும் கட்டில் உண்டு. "அண்ணன் வண்டியிலயே படுத்துக்குவாரு" என்று சொல்லாத யூனிட்டை நான் பார்த்ததில்லை. உங்கள் அஞ்சு உயிரும் அவர் கண்ணில் இருக்கிறது, அந்தக் கண்ணைக் கொசுக்கடியில் போடுகிறீர்கள். 1961-ல் வந்து 2025 நவம்பர் வரை இருந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே நாளுக்கு 8 மணி நேரம், 5 மணி நேரத்துக்கு ஒருதரம் அரை மணி ஓய்வு என்றது. ஷூட்டிங் ஸ்பாட்டில் காத்திருக்கும் நேரத்தை ஓய்வு என்று எழுதாதீர்கள்.

நான் போடும் கணக்கு இதுதான். ஷூட்டிங் உள்ள நாளில் 150 கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓடாது. பயண நாளில் 400. மாலை ஏழு மணிக்கு வண்டி லாட்ஜ் வாசலில். அதற்குள் வராது என்றால் ஒரு ஊரைத் திட்டத்திலிருந்து அடியுங்கள். ஊரை அடிக்க டைரக்டருக்கு மனசு வராது, தெரியும். 14 நாளில் ஏழு ஊர் என்பதை அஞ்சு ஊராக்கினால் படம் கெட்டுப்போகாது. நான் பார்த்தவரை நன்றாகத்தான் வரும். தூரத்தைக் குறைக்கவும் வழி உண்டு. சூரத் பக்கத்து ஹஜிராவிலிருந்து கோகாவுக்குக் காரையே ஏற்றிக்கொண்டு போகும் கப்பல் 2020 நவம்பரில் வந்தது. வளைகுடாவைச் சுற்றும் 370 கிலோமீட்டர், கடலில் 90 ஆகிறது. டிரைவரும் காலை நீட்டுவார், கேமராமேனுக்கும் நல்ல ஷாட்.

அனுமதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹம்பியும் தௌலதாபாத் கோட்டையும் தொல்லியல் துறை கையில். போனில் படம் எடுக்க யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். டிரைபாடை விரித்தால் விசில் ஊதுவார்கள். முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்குங்கள், அச்சடித்த காப்பி கையில் இருக்கட்டும். சோமநாதர் கோயிலுக்குள் கேமராவும் போனும் கிடையாது. மீனாட்சி கோயில் வாசலில் போனை ஒப்படைத்துப் பழகியவர்களுக்கு இது புதிதில்லை. ட்ரோன் கொண்டுபோனால், எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் பச்சையா மஞ்சளா சிவப்பா என்று பார்க்காமல் பையைத் திறக்காதீர்கள். கேமரா, லென்ஸ் வாடகை என்றால் சீரியல் நம்பரோடு பட்டியல், கடைக்காரர் கடிதம். குஜராத்தில் மதுவிலக்கு, மகாராஷ்டிராவில் வாங்கிய பாட்டிலை டிக்கியில் மறந்து வைத்துவிட்டு எல்லை தாண்டினால், மறந்துவிட்டேன் என்பதை அங்கே யாரும் கேட்க மாட்டார்கள்.

தோள் போன தம்பி, அந்தக் குறட்டைத் தம்பியேதான், கட்டைப் பிரித்துவிட்டான். சூரத்தும் சோமநாத்தும் பாக்கி. இந்தமுறை ரயிலில் போய், அங்கே லோக்கல் வண்டி எடுத்துக்கொள்கிறார்கள். நேற்று திட்டப் பேப்பரைக் கொண்டுவந்தான். தங்கும் இடம் கட்டத்தில் எல்லா நாளுக்கும் லாட்ஜ் பெயர் எழுதியிருந்தது. டிக்கெட் போட்டாச்சா என்றேன்.

"போடணும்ணே. எனக்கு மட்டும் லோயர் பெர்த் கிடைக்குமான்னு பாத்துச் சொல்லுங்க, கையத் தூக்கி ஏற முடியல."