ஓரிடத்தில் மட்டும் சுடும் இருக்கை: பிக்கப் டிரக்கின் சீட் ஹீட்டர் பழுதில் கவனிக்க வேண்டியவை

ஹீட்டர் முற்றிலும் செயலிழந்து, ஸ்விட்சை எத்தனை முறை அழுத்தினாலும் சூடேறாத இருக்கையால் யாருக்கும் தீங்கு நேர்வதில்லை. வாகன மின்பழுது பார்க்கும் என்னை உண்மையில் கவலைக்குள்ளாக்குவது, மற்ற இடங்களில் இதமாகவும், தொடைக்கு அடியிலோ இடுப்பின் ஓரத்திலோ உள்ளங்கை அளவு இடத்தில் மட்டும் சுள்ளென்றும் சுடுகின்ற இருக்கைதான். அதைப் பெரும்பாலோர் ஒரு பழுதாகவே எண்ணுவதில்லை. பிரேக் பார்க்க வண்டியை விட வந்தவர், கிளம்பும்போது, "சீட் ஹீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது, ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் அதிகமாகச் சுடுகிறது" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுச் செல்வார். அதைக் கேட்டால் நான் முதலில் சொல்வது, அந்த ஸ்விட்சை இனித் தொடாதீர்கள் என்பதைத்தான்.

இருக்கையின் மேலுறைக்கும் அதன் கீழுள்ள ஃபோமுக்கும் நடுவே மெல்லிய ஹீட்டர் பேட் ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். அதில் வளைந்து வளைந்து ஓடும் மெல்லிய உலோகக் கம்பியோ, கார்பன் இழைகளோ இருக்கும். மின்னோட்டம் பாயும்போது அவற்றின் மின்தடையால் வெப்பம் உண்டாகிறது. பேட்டின் ஓரிடத்தில் பதிக்கப்பட்ட தெர்மோஸ்டாட்டோ வெப்ப உணரியோ சூட்டை அளந்து, வரம்பை எட்டியதும் மின்சாரத்தைத் துண்டிக்கிறது. இந்த உணரி தான் இருக்கும் இடத்தின் வெப்பத்தை மட்டுமே அறியும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பல இழைகள் சேர்ந்த ஒரு கம்பியில் சில இழைகள் அறுந்துவிட்டால், எஞ்சிய ஓரிரு இழைகள் முழு மின்னோட்டத்தையும் சுமக்க நேர்கிறது. அந்த இடத்தில் மட்டும் மின்தடை உயர்ந்து, வெப்பம் அங்கேயே குவிகிறது. ஒரு சாண் தள்ளி இருக்கும் உணரிக்கோ எல்லாம் இயல்பாகவே தோன்றுகிறது.

கம்பி மடிந்து ஒன்றின்மேல் ஒன்று படிந்து மின்குறுக்கு (ஷார்ட் சர்க்யூட்) ஏற்படுவது இதைவிடக் கெடுதல். 12 வோல்ட்டில் 48 வாட் எடுக்கும் பேட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் மின்தடை 3 ஓம், மின்னோட்டம் 4 ஆம்பியர். கம்பியின் பாதி நீளம் குறுக்கிணைந்துவிட்டால் மின்தடை 1.5 ஓமாகக் குறையும், மின்னோட்டம் 8 ஆம்பியராக ஏறும், வெப்பம் 96 வாட்டாகும். இரட்டிப்பான அந்த வெப்பம் முழுவதும் பாதி நீளக் கம்பியில் அடங்க வேண்டியிருப்பதால், அந்தப் பகுதியின் ஒவ்வொரு அங்குலமும் முன்பைவிட நான்கு மடங்கு வெப்பத்தை உமிழ்கிறது. அந்தச் சுற்றில் 15 ஆம்பியர் ஃப்யூஸ் இருந்தால் அது எரியாது. வயரிங்கை தீயிலிருந்து காப்பதற்காகவே ஃப்யூஸ் வைக்கப்படுகிறது; அமர்ந்திருப்பவரின் தோலை அது காக்காது. ஃப்யூஸ் அடிக்கடி எரிகிறது என்று அதைவிடப் பெரிய ஃப்யூஸைச் செருகுபவர்கள், எஞ்சியிருக்கும் அந்தக் காவலையும் அகற்றிவிடுகிறார்கள்.

பிக்கப் டிரக்குகளில் இந்தப் பழுது கூடுதலாகக் காணப்படுவதற்கு அவற்றைப் பயன்படுத்தும் விதமே காரணம். தரைமட்டத்திலிருந்து உயரமாக இருக்கும் கேபினுக்குள் ஏறும்போது பலர் ஒரு முழங்காலை இருக்கையின் மேல் ஊன்றுகிறார்கள். அமர்ந்தால் பரவலாக விழும் உடல் எடை, முழங்கால் ஊன்றும்போது சில சதுர அங்குலங்களில் விழுகிறது. ஓட்டுநர் பக்க இருக்கையின் வெளி ஓரம் ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் நசுங்குகிறது. பின்பாக்கெட்டில் திருப்புளியோடும் சாவிக்கொத்தோடும் அமர்பவர்கள் உண்டு. பக்கத்து இருக்கையில் கருவிப்பெட்டியை வைத்துக்கொண்டு மேடு பள்ளமான பாதையில் ஓட்டுகிறார்கள். இவற்றோடு, காலணியில் ஒட்டிவரும் பனியும் சாலையில் தூவிய உப்பும் தரைவிரிப்பில் உருகி ஊறி, இருக்கைக்கு அடியிலுள்ள கனெக்டர்களின் பின்களில் பச்சை நிறத் துரு பூக்கச் செய்கின்றன. இருக்கையின் கீழே உருண்டு போன தண்ணீர் பாட்டிலோ கண்ணாடியின் பனியைச் சுரண்டும் கருவியோ, இருக்கையை முன்பின் நகர்த்தும்போது வயர்களை இழுத்துச் சென்று இருக்கை நகரும் தண்டவாளத்தில் சிக்கவைத்திருப்பதையும் பலமுறை கண்டிருக்கிறேன்.

பழுது பார்க்கத் தொடங்குமுன், உண்மையில் பழுதுதானா என்று உறுதிசெய்துகொள்வது நல்லது. பல வாகனங்களில் இயந்திரம் ஓடினால்தான் சீட் ஹீட்டர் வேலை செய்யும். பேட்டரியின் மின்னழுத்தம் குறைந்தால் கட்டுப்பாட்டு அமைப்பு தானாகவே ஹீட்டரை நிறுத்திவைக்கும். சிலவற்றில் குறிப்பிட்ட நேரம் கழிந்ததும் அது படிப்படியாகக் குறைந்து அணைந்துவிடும். இவற்றை வாகனக் கையேடு தெளிவாகச் சொல்லியிருக்கும். அதேபோல, வாகன அடையாள எண்ணைக் கொண்டு, அந்த மாடலின் சீட் ஹீட்டருக்கோ இருக்கை வயரிங்குக்கோ தயாரிப்பாளர் திரும்பப்பெறும் அறிவிப்பு வெளியிட்டிருக்கிறாரா என்றும் பார்த்துவிடுங்கள்.

இரு இருக்கைகளும் ஒரே சமயத்தில் நின்றுபோனால் பொதுவான ஃப்யூஸ், ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்), எர்த் இணைப்பு ஆகியவற்றில் குறை இருக்கும். ஒன்று மட்டும் நின்றிருந்தால் அதன் ஸ்விட்ச், கனெக்டர், பேட் என்ற வரிசையில் தேட வேண்டும். ஸ்விட்சின் விளக்கு எரிந்து சில வினாடிகளில் தானாக அணைந்தால், கட்டுப்பாட்டு மாட்யூல், சுற்றில் ஏதோ அறுந்திருப்பதை உணர்ந்து தன்னை நிறுத்திக்கொண்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம். ஸ்கேன் கருவியில் பழுதுக் குறியீட்டைப் படித்தால் பாதி வேலை முடிந்துவிடும். கனெக்டரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரில் 12 வோல்ட் காட்டுகிறதே என்று வயரிங்கை நல்லதென்று தீர்மானிப்பது இத்தொழிலில் அடிக்கடி நிகழும் தவறு. துருப்பிடித்த ஒரு பின்கூட மீட்டருக்குத் தேவையான சொற்ப மின்னோட்டத்தைக் கொடுத்துவிடும். நான்கு, ஐந்து ஆம்பியர் கேட்கும்போதுதான் அதன் குறை வெளிப்படும். ஆகவே ஹீட்டர் இணைந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். பேட்டின் மின்தடையை, நன்றாக வேலை செய்யும் மறுபக்க இருக்கையின் அளவோடு ஒப்பிட வேண்டும். மீட்டரை இணைத்து வைத்துக்கொண்டு இருக்கையின் பல இடங்களை உள்ளங்கையால் அழுத்திப் பார்க்கும்போது எண் துள்ளினால், கம்பி அங்கே அறுந்தும் அறுபடாமலும் இருக்கிறது என்று பொருள். சாதாரணமாக அளந்தால் சரியான எண்ணையே காட்டி ஏமாற்றக்கூடிய பழுது இதுதான்.

இருக்கைக்கு அடியில் கைவைக்கும் எவரும் ஏர்பேக்கைப் பற்றி அறிந்திருக்க வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். பல பிக்கப் டிரக்குகளில் பக்கவாட்டு ஏர்பேக் இருக்கையின் முதுகுப் பகுதியிலேயே பொருத்தப்பட்டிருக்கிறது; சீட் பெல்ட்டை இறுக்கும் வெடிப்பொறியும் இருக்கையோடு சேர்ந்தே இருக்கலாம். இவற்றின் கனெக்டர்கள் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும். பேட்டரியின் எதிர்மின் (நெகட்டிவ்) முனையைக் கழற்றி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட நேரம் முழுவதும் காத்திருந்த பிறகே எந்தக் கனெக்டரையும் பிரிக்க வேண்டும், ஏனெனில் பேட்டரி இல்லாமலும் ஏர்பேக்கை வெடிக்கச் செய்யும் அளவுக்கு மின்னூட்டம் ஏர்பேக் கட்டுப்பாட்டு மாட்யூலின் கெப்பாசிட்டர்களில் சிறிது நேரம் தங்கியிருக்கும். மஞ்சள் கனெக்டர்களில் ஓம் மீட்டரையோ டெஸ்ட் லேம்ப்பையோ ஒருபோதும் வைக்கக் கூடாது. பயணியின் இருக்கையில், அமர்ந்திருப்பவரின் எடையை உணர்ந்து ஏர்பேக்கை அனுமதிக்கும் அல்லது தடுக்கும் உணரியும் இருக்கும். அங்கே பேட்டையோ ஃபோமையோ மாற்றினால் அந்த உணரியை மறுபடி அளவீடு செய்தாக வேண்டும். சில மாடல்களில் ஃபோம், உணரி, ஹீட்டர் மூன்றும் சேர்ந்த ஒரே தொகுப்பாகத்தான் மாற்ற முடியும். வீட்டில் செய்து பார்ப்பவர்கள் பயணியின் இருக்கையை விட்டுவிடுவதே நலம் என்பது என் உறுதியான கருத்து.

மேலுறையை ஃபோமோடு பிணைத்திருக்கும் கம்பி வளையங்களை வெட்டி எடுத்து உறையை உரித்தால், சூடு குவிந்த இடம் தானாகவே கண்ணில் படும்: ஃபோம் அங்கே பழுப்பேறியிருக்கும், சில சமயம் கருகி உட்குழிந்திருக்கும். அறுந்த கம்பியை முறுக்கியோ பற்றவைத்தோ இணைத்துவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. பற்றவைத்த இடம் விறைப்பாகிவிடும். உடல் எடையில் இடைவிடாது வளைந்து நிமிரும் பேட்டில், அந்த விறைப்பின் இரு ஓரங்களிலும் கம்பி மீண்டும் அறுந்துபோகும். முறுக்கிய இணைப்பு தளர்ந்து, தானே ஒரு புதிய சூட்டுப்புள்ளியாகும். பேட்டுக்கு வெளியே வயரிங்கில் உள்ள அறுப்பை, அதே தடிமன் வயரால் முறையாக கிரிம்ப் செய்து (உலோக உறைக்குள் நசுக்கி இணைத்து), நகரும் பாகங்களுக்கு எட்டாத இடத்தில் கட்டிவைக்கலாம். பேட்டுக்குள் அறுந்திருந்தால் பேட்டையே மாற்ற வேண்டும். புதியதை ஒட்டும்போது ஒரு சுருக்கம்கூட இருக்கக் கூடாது, திரும்பப் போடும் கம்பி வளையம் எதுவும் ஹீட்டர் இழையைத் துளைத்துவிடக் கூடாது. இருக்கையின் போல்ட்டுகளைத் தயாரிப்பாளர் சொன்ன முறுக்குவிசையில்தான் இறுக்க வேண்டும், ஏனெனில் பல வண்டிகளில் சீட் பெல்ட்டின் பக்கிளும் அதே சட்டத்தில்தான் நிற்கிறது.

சந்தையில் கிடைக்கும் பொதுவான ஹீட்டர் தொகுப்புகளில், தனி ஃப்யூஸும் ரிலேயும் வெப்பத் துண்டிப்பும் உள்ளவற்றை மட்டுமே ஏற்கலாம். பேட்டின் துணி எளிதில் தீப்பற்றாததாக இருப்பதும் முக்கியம். அமெரிக்காவின் வாகனப் பாதுகாப்புத் தரநிலையான எஃப்எம்விஎஸ்எஸ் 302 விதிப்படி, வாகனத்தின் உட்புறப் பொருள்களில் தீ நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் பரவக் கூடாது. இந்தத் தகவலையே தராத பேட்டை நான் பொருத்துவதில்லை.

இத்தனை எச்சரிக்கை எதற்கு என்று நினைப்பவர்களுக்காக, சூட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கொதிக்கும் அளவு வெப்பத்தால்தான் தோல் வேகும் என்று பலரும் நினைக்கிறார்கள். மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1947ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவுகளின்படி, 44 டிகிரி செல்சியஸ் வெப்பமும் சுமார் 6 மணி நேரம் தொடர்ந்து பட்டால் தோலைப் புண்ணாக்கிவிடும். வெப்பம் ஏற ஏற அதற்குத் தேவையான நேரம் மிக வேகமாகக் குறைந்து, 60 டிகிரியில் சில வினாடிகளே போதுமானதாகிறது. உணர்ச்சி சரியாக உள்ளவர் சுடும்போது நகர்ந்து அமர்ந்துவிடுவார். தண்டுவடக் காயத்தால் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவர், நீரிழிவால் நரம்புகள் மரத்துப்போனவர், பக்கவாதம் கண்டவர் ஆகியோருக்குச் சுடுவதே தெரியாது. வீடு திரும்பி உடை மாற்றும்போதுதான் கொப்புளத்தைக் காண்பார்கள். இத்தகைய தீக்காயங்களைச் சுட்டிக்காட்டி, சீட் ஹீட்டருக்கு வெப்ப வரம்பு விதிக்க வேண்டும் என்று தீக்காய மருத்துவர்களும் பாதுகாப்பு ஆர்வலர்களும் 2011ஆம் ஆண்டு அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்திடம் முறையிட்டார்கள். பழுதில்லாத ஹீட்டரை நாள்தோறும் நீண்ட நேரம் பயன்படுத்துபவர்களின் தொடையிலும் வலைபோன்ற பழுப்புத் தடம் படிவதுண்டு. குடும்பத்தில் உணர்விழப்பு உள்ளவர் பயணம் செய்வாரானால், ஹீட்டர் நன்றாக இருந்தாலும், அவருடைய இருக்கைக்கான ஹீட்டர் இணைப்பை மட்டும் ஒரு பணிமனையில் துண்டித்து வைத்துவிடுங்கள். குழந்தை இருக்கை வைத்துள்ள இடத்திலும், தடித்த போர்வை விரித்த இருக்கையிலும் ஹீட்டரைப் போடவே வேண்டாம்; வெளியேற வழியில்லாத வெப்பம் அடியிலேயே தேங்கும்.

பேட் மாற்றி முடித்ததும் வண்டியை அப்படியே எடுத்துச் செல்லாமல், பணிமனையிலேயே சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். இயந்திரம் ஓட, ஒருவர் இருக்கையில் சிறிது நேரம் அமர்ந்து அழுத்தம் கொடுத்துவிட்டு எழுந்ததும், அகச்சிவப்பு வெப்பமானியால் மேற்பரப்பைப் பல இடங்களில் அளக்க வேண்டும். எந்த இடமும் சுற்றுப்புறத்திலிருந்து தனித்து உயர்ந்திருக்கக் கூடாது. ஹீட்டர் தன் வரம்பை எட்டி மின்னோட்டம் குறைவதையும் மீட்டரில் பார்க்க வேண்டும். ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு அணைந்திருக்க வேண்டும். கழற்றிய பழைய பேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எரிந்த தடம் வெளி ஓரத்தில் இருந்தால், ஏறும்போது ஊன்றும் முழங்கால்தான் காரணம். கைப்பிடியைப் பற்றி ஏறுவதும், படிப்பலகை பொருத்துவதும் அதற்குத் தீர்வு. நடுவில் இருந்தால், அந்த இருக்கையில் வைக்கும் கருவிப்பெட்டிக்கு வேறோர் இடம் பார்க்க வேண்டும்.