ஹா-ஹா: கண்ணில் படாத வேலி

ஆங்கிலேயப் பிரபுக்களின் நாட்டுப்புற மாளிகைகளைப் பற்றிப் படித்தால் ‘ஹா-ஹா’ என்ற சொல் எங்காவது குறுக்கிடும். சிரிப்பு என்று நினைத்துக் கடந்துவிடாதீர்கள், அது ஒரு சுவர்.

மாளிகைப் பக்கம் செங்குத்தாகக் கட்டிய சுவர். அதன் உச்சி புல்தரைக்குச் சமமாக முடிந்துவிடும். சுவரின் அடியிலிருந்து வெளிப்புறத் தரை சரிவாக மேலேறி மேய்ச்சல் நிலத்தோடு சேரும். சரிவில் இறங்கி வரும் மாடு சுவரடியில் திகைத்து நிற்க வேண்டியதுதான். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பிரபுவுக்கோ பள்ளமும் தெரியாது, சுவரும் தெரியாது. தன் புல்வெளி அடிவானம் வரை போவதாகத் தோன்றும்.

பக்கிங்ஹாம்ஷயரில் உள்ள ஸ்டோ மாளிகையில், கோபம் (Cobham) என்னும் பிரபுவுக்காகத் தோட்ட வடிவமைப்பாளர் சார்லஸ் பிரிட்ஜ்மன் அமைத்தது பெயர் பெற்றது. இதைக் கண்டுபிடித்தவரே பிரிட்ஜ்மன்தான் என்று எழுதினார் ஆங்கில எழுத்தாளர் ஹொரஸ் வால்போல். உலாவப் போனவர்கள் திடீரென்று பள்ளத்தைக் கண்டு ‘ஹா! ஹா!’ என்று கத்தியதால் இந்தப் பெயர் என்பது அவர் சொன்ன காரணம். காரணம் சரி, கண்டுபிடித்தவர்தான் இடிக்கிறது. பிரான்ஸில் 1709இல் வெளியான தெசாலியே தார்ழான்வில்லின் தோட்டக்கலை நூலிலேயே ‘ஆ, ஆ’ வந்துவிட்டது. 1712இல் ஜான் ஜேம்ஸ் அதை ஆங்கிலத்தில் பெயர்த்தார்.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘மறைசுவர்’ என்றால் எதையோ மறைக்கும் சுவராகிவிடும். இங்கே மறைந்திருப்பதே சுவர்தான். ‘அகழி’ என்றதும் கோட்டையும் தண்ணீரும், சிலருக்கு முதலையும் நினைவுக்கு வரும். ஆனால் அகழ்ந்தது எதுவும் அகழிதானே? காட்டோர ஊர்களில் யானை வராமல் வெட்டும் பள்ளத்தையும் அகழி என்றுதான் சொல்கிறோம், அதில் தண்ணீர் நிற்க வேண்டியதில்லை. ஆகவே ‘அகழிச்சுவர்’ என்பது என் தேர்வு.

வியப்பொலியும் வேண்டும் என்பவர்களுக்கு நம்மிடம் ‘ஆகா’ தயாராக இருக்கிறது. சொற்பிறப்பு ஆராய்ச்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம், சும்மா பிரித்துப் பாருங்கள்: ஆ என்றால் பசு, கா என்றால் சோலை. இரண்டுக்கும் நடுவில் உள்ள சுவரை மட்டும் காணோம்!