பெட்டிங்: துப்பாக்கிக்குப் படுக்கை எதற்கு?

கையால் தாழ்ப்பாள் போல இழுத்துக் குண்டேற்றும் போல்ட் ஆக்‌ஷன் ரைபிளுக்குப் புதுக் கட்டை மாட்டுவது பற்றிய ஒரு கையேட்டைத் தமிழாக்கியபோது, 'பெட்டிங்' (bedding, துப்பாக்கியின் இரும்புப் பாகம் கட்டையில் சரியாக உட்காரச் செய்யும் வேலை) என்று வந்த இடத்திலெல்லாம் 'படுக்கை' என்று போட்டு, அதற்குப் பூசும் எபாக்ஸி என்ற இறுகும் பசையை 'படுக்கைப் பிசின்' என்றே எழுதிவிட்டேன். படித்துப் பார்த்த நண்பர் கேட்டார்: "இது மெத்தை ஒட்டுகிற பசையா?" பதில் சொல்ல முடியவில்லை. அப்புறம்தான் சொல்லைப் பிரித்துப் பார்க்க உட்கார்ந்தேன்.

முதலில் கட்டை. இதை ஆங்கிலத்தில் ஸ்டாக் என்கிறார்கள். பழைய ஆங்கிலத்தில் அது அடிமரம், மரத்துண்டு. குழலையும் மற்ற இரும்பையும் தாங்குகிற மரம் என்பதால் துப்பாக்கியிலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பங்குச்சந்தையில் புழங்கும் ஸ்டாக்கும் இதே மரத்தின் கிளைதான்: கடன் கணக்கை ஒரு குச்சியில் வெட்டுக்குறிகளாகப் போட்டு நெடுக்காகப் பிளப்பார்கள், கடன் கொடுத்தவர் வைத்துக்கொண்ட பெரிய துண்டுக்குப் பெயர் ஸ்டாக். தமிழில் இதற்குச் சொல் தேடி அலையவே வேண்டாம். 'துப்பாக்கிக் கட்டையால் அடித்தனர்' என்று செய்தித்தாளில் எத்தனை முறை படித்திருப்போம்! இப்போது கண்ணாடி இழையிலும் கார்பனிலும் அலுமினியத்திலும் வருகிறதே, அதைக் கட்டை எனலாமா என்றால், ஆங்கிலத்திலும் அதே பழைய மரப்பெயர்தான் இன்னும் ஓடுகிறது. 'பிடி' என்று எழுதுகிறவர்களும் உண்டு; எனக்கு அது கைத்துப்பாக்கியின் பிடியைத்தான் நினைவூட்டுகிறது.

ஆஃப்டர்மார்க்கெட் கட்டையை 'பின்சந்தைக் கட்டை' என்று எழுதுவது மட்டும் வேண்டாம், கடைக்குப் பின்னால் ஒளித்து விற்கிற சரக்கு மாதிரி இருக்கிறது. துப்பாக்கியோடு வந்ததைக் கழற்றிவிட்டு வேறொருவர் செய்ததைப் போடுகிறோம், அவ்வளவுதான். மாற்றுக் கட்டை.

சரி, பெட். ஆங்கிலத்தில் அது தூங்குகிற இடம் மட்டும் இல்லை. ஆற்றின் அடித்தளம், பூப்பாத்தி, எந்திரம் நிற்கிற தளம் எல்லாமே பெட்தான். தோண்டுதல் என்ற பொருளுள்ள ஒரு தொல்வேரிலிருந்து அது வந்தது என்பது சொல்லாய்வாளர் பலர் ஏற்ற கருத்து. அதாவது, குடைந்தெடுத்த இடம். கட்டையில் நடப்பதும் அதுவே. இரும்புப் பாகம் இறங்கி உட்கார வேண்டிய பள்ளத்தைக் குடைகிறார்கள். இதற்குக் 'குடைவு' என்ற சொல் அழகாகப் பொருந்துகிறது.

ஆனால் குடைவு எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் மாற்றுக் கட்டை உங்கள் துப்பாக்கிக்கென்று அளவெடுத்துச் செய்ததில்லை. 1898-இன் மவுசர் ரைபிளில் ஆக்‌ஷனின், அதாவது குண்டேற்றிச் சுடும் பொறி அடங்கிய இரும்புப் பாகத்தின், அடிப்பக்கம் தட்டை. 1962-இல் வந்த ரெமிங்டன் 700-இலோ அது உருளை. ஒரே மாடலிலேயே ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசம் இருக்கும். மேலே இரும்பை வைத்து அடியில் திருகாணியை முறுக்கினால், தொடாத இடத்தை நோக்கி இரும்பு வளைகிறது. ஒவ்வொரு குண்டுக்கும் அந்த வளைவு கொஞ்சம் கொஞ்சம் மாற, இலக்கில் குண்டுகள் சிதறுகின்றன. கண்டுபிடிக்க எளிய வழி: துப்பாக்கி காலியா என்று பார்த்துவிட்டு, கட்டையின் முன்முனையும் குழலும் சேரும் இடத்தில் விரல்நுனியை வைத்துக்கொண்டு, பின் திருகாணி இறுகியிருக்க முன் திருகாணியை மட்டும் மெல்லத் தளர்த்துங்கள். குழல் எழும்புவது விரலுக்குத் தெரிந்தால் இரும்பு சரியாக உட்காரவில்லை.

அந்த இடைவெளியை நிரப்பத்தான் எபாக்ஸி. இழை கலந்த பசையைக் குடைவில் பூசி, இரும்பை மேலே இறக்கி இறுகவிட்டால், இரும்பின் அச்சு அப்படியே பசையில் விழும். அதிகம் கவனிக்க வேண்டிய இடம் பின்னுதைப்பைத் தாங்கும் முட்டு, ரெக்காயில் லக் என்கிறார்களே, அது. சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கிற உதை முழுக்க இந்தச் சின்ன முட்டின் பின்முகம் வழியாகத்தான் கட்டைக்குப் போகிறது. அதனால் முட்டின் முன்புறம், இரு பக்கம், அடி ஆகியவற்றில் டேப் ஒட்டிவிட்டு, பின்முகத்தை மட்டும் பசையோடு நேராகச் சேரவிடுகிறார்கள். பிறகு டேப்பை உரித்தால் மற்ற பக்கங்களில் துளி இடைவெளி நிற்கும். மரக்கட்டை இறுக்கும்போது நசுங்கும் என்பதால் திருகாணித் துளைகளில் அலுமினியக் குழாய்த் துண்டுகளைத் தூண்போல நிறுத்துவதும் உண்டு. குழலைப் பெரும்பாலும் எதையும் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். குழலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு தாளை விட்டு இழுத்தால் தடையில்லாமல் ஓட வேண்டும்.

இதையெல்லாம் பார்த்தால் எங்கே வருகிறது படுக்கை? பட்டறையில் "பேரிங் சரியா உட்காரல" என்பார்கள். கதவு சட்டத்தில் படியவில்லை என்கிறோம், வாரிய தலைமுடியைப் படிமானமாக இருக்கிறது என்கிறோம். ஒன்றின் மேல் இன்னொன்று இடைவெளியில்லாமல், வலுக்கட்டாயமும் இல்லாமல் அமைவதுதான் படிதல். பெட்டிங் செய்வதற்குப் 'படியவைத்தல்', அதன் விளைவுக்குப் 'படிமானம்', பசைக்குப் 'படிமானப் பசை'. என் கையேட்டில் இப்படித்தான் திருத்தியிருக்கிறேன்.

'பதித்தல்' என்று சொல்லலாமே என்று நண்பர் விடாமல் கேட்டார், மோதிரத்தில் கல் பதிப்பதுபோல. நானும் கொஞ்சம் சபலப்பட்டேன். ஆனால் பதித்த கல் கழன்று வரக் கூடாது. படியவைத்த இரும்போ திருகாணியைக் கழற்றியதும் அலுங்காமல் மேலே வந்துவிட வேண்டும். அதற்குத்தான் பசை படுமுன் இரும்பு முழுக்க மெழுகோ ஷூ பாலிஷோ தடவுகிறார்கள், ஓட்டைகளைக் களிமண்ணால் அடைக்கிறார்கள். மெழுகை மறந்துவிட்டு மறுநாள் துப்பாக்கியைக் கட்டையிலிருந்து பிரிக்க முடியாமல் நிற்கிறவர் செய்தது பதித்தல். அவர் விஷயத்தில் நண்பரின் சொல்லே சரி.