வகை அளபுரு: ஜெனரிக்ஸையும் ரிஃப்லெக்‌ஷனையும் தமிழில் சொல்வது எப்படி?

ஒரு செயற்கூறுக்கு (ஃபங்ஷன்) 5 என்ற எண்ணை அனுப்பலாம், ஒரு சரத்தை (ஸ்ட்ரிங்) அனுப்பலாம். ‘எண்’ என்கிற வகையையே (டைப்) அனுப்ப முடியுமா? முடியும். அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று நிரல்பெயர்ப்பின்போது, அதாவது எழுதிய நிரலை ஓடும் வடிவத்துக்கு மாற்றும்போது நடப்பது, மற்றது நிரல் ஓடும்போது நடப்பது. முதலாவதை ஜெனரிக்ஸ் என்றும் இரண்டாவதை ரிஃப்லெக்‌ஷன் என்றும் சொல்கிறோம். இந்த இரண்டு காலங்களும் மனத்தில் பிரியாதவரை, இங்கே வருகிற பிழைச்செய்திகள் புதிராகவே இருக்கும். தமிழ்ச்சொற்களைக் கவனமாகத் தேர்ந்தால் புதிரில் பாதி அவிழ்ந்துவிடும்.

முதலில் அளபுரு. ‘பேராமீட்டர்’ கிரேக்க வேர் கொண்டது: ‘பக்கத்தில்’ என்ற சொல்லும் ‘அளவு’ என்ற சொல்லும் சேர்ந்தது. ‘அளபு’ என்பது அளவின் பழைய வடிவம், அளபெடையில் நாம் படித்ததுதான். ஆகவே அளபுரு பொருத்தமான சொல், பாடநூல்களிலும் ஊன்றிவிட்டது. செயற்கூறை எழுதும்போது வைக்கிற இடம்பிடிப்புப் பெயர் அளபுரு. அழைக்கும்போது அந்த இடத்தில் கொண்டுவந்து வைப்பது செயலுருபு. இந்த இணையை அப்படியே வகைக்கும் நீட்டலாம். பெட்டி<வ> என்று அறிவித்தால் ‘வ’ என்பது வகை அளபுரு. பெட்டி<எண்> என்று பயன்படுத்தினால் ‘எண்’ வகைச் செயலுருபு. இரண்டையும் ‘டைப்’ என்றே சொல்லிப் பழகியதால்தான், எது இடம், எது அங்கே வந்து அமர்வது என்று பலர் தடுமாறுகிறார்கள்.

‘ஜெனரிக்’ என்பதற்கு வருவோம். லத்தீனில் ‘கெனுஸ்’ என்றால் பிறப்பு, குடி, இனம். வடமொழியின் ‘ஜன’ என்ற வேரும் இதுவும் ஒரே மூலத்தில் கிளைத்தவை. நாம் அன்றாடம் சொல்கிற ‘சனம்’ அந்த வழியில் வந்தது. எனவே ‘இனம்’ உள்ள ஒரு சொல்லே இதற்கு நேர்: பொதுவினம். வெறுமனே ‘பொதுவான’ என்று பெயர்ப்பதை ஏற்க முடியவில்லை. எதையும் உள்ளே போடலாம் என்ற பொருள் அதில் ஒட்டிக்கொள்கிறது. எதையும் போடக்கூடிய பட்டியல் ஜெனரிக்ஸ் வருவதற்கு முன்பே ஜாவாவில் இருந்தது. அதைத் தவிர்க்கத்தான் ஜெனரிக்ஸே வந்தது.

பொதுவினத்தின் உட்பொருளை நம் இலக்கணம் அழகாகக் காட்டுகிறது. தொல்காப்பியம் விரவுப்பெயர் என்று ஒரு வகுப்பைச் சொல்கிறது: உயர்திணைக்கும் அஃறிணைக்கும் பொதுவாக நிற்கும் பெயர். சாத்தன் என்பது ஆளின் பெயராகவும் இருக்கலாம், காளையின் பெயராகவும் இருக்கலாம். ‘சாத்தன் வந்தான்’ என்றால் ஆள். ‘சாத்தன் வந்தது’ என்றால் காளை. பெயரை மட்டும் சொல்லும்போது திணை திறந்தே இருக்கிறது. வினைமுற்று வந்ததும் முடிவாகிவிடுகிறது. முடிவானபின் ஒரே தொடரில் மாற்றிப் பேசினால் அது திணை வழு. பெட்டி<வ> என்பதும் இப்படித்தான். அறிவிக்கும்போது வகை திறந்திருக்கும். பயன்படுத்தும் இடத்தில் முடிவாகும். முடிவானபின் எண் பெட்டியில் சரத்தைப் போட்டால் நிரல்பெயர்ப்பி (கம்பைலர்) அங்கேயே தடுக்கும்.

இந்த எண்ணம் புதிதன்று. அளபுருவால் வரும் பல்லுருவாக்கம் (ஒரே நிரல் பல வகைகளுக்கும் பொருந்துவது) என்ற கருத்துக்கு பிரிட்டிஷ் கணினி அறிஞர் கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி 1967-இல் பெயர் கொடுத்தார். ராபின் மில்னரின் எம்எல் மொழியும் பார்பரா லிஸ்கோவ் குழுவின் சிஎல்யு மொழியும் 1970-களில் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. 1983-இன் ஏடா மொழியில் ‘ஜெனரிக்’ ஒரு சிறப்புச்சொல்லாகவே இருந்தது. ஜாவாவுக்கு 2004-இலும், சி ஷார்ப்புக்கு 2005-இலும், கோ மொழிக்கு 2022-இலும் வந்தது.

இவற்றில் ஜாவா எடுத்த முடிவைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பழைய நிரல்கள் மாற்றமின்றி ஓட வேண்டும் என்பதற்காக, வகைகளைச் சரிபார்த்து முடித்ததும் ஜாவாவின் நிரல்பெயர்ப்பி வகைச் செயலுருபை அழித்துவிடுகிறது. இதை வகை அழிப்பு எனலாம். பட்டியல்<எண்>, பட்டியல்<சரம்> இரண்டின் பொருள்களையும் (ஆப்ஜெக்ட்) எடுத்து, உன் இனக்குழு (கிளாஸ்) எது என்று ‘கெட்கிளாஸ்’ மூலம் கேட்டால் ஒரே இனக்குழுதான் விடையாக வரும். ‘வ’ வகையில் ஒரு புதிய பொருளை உருவாக்கு என்று உள்ளே எழுத முடியாததற்கும், ‘வ’ வகையில் அணி (அர்ரே) ஒன்றை நேரடியாக உருவாக்க முடியாததற்கும் காரணம் இதுவே: ஓடும் நேரத்தில் ‘வ’ என்னவென்று அங்கே யாருக்கும் தெரியாது.

இதனால் ஒரு பிழை தள்ளிப்போய் வெடிக்கும். பட்டியல்<சரம்> ஒன்றை, வகை குறிக்காத வெறும் ‘பட்டியல்’ மாறியில் வைத்து, அதன் வழியே 5 என்ற எண்ணைச் சேர்த்துப் பாருங்கள். சேர்க்கும் வரி தடங்கலின்றி ஓடும். பிறகு எங்கோ வேறொரு கோப்பில் அந்தப் பட்டியலிலிருந்து ஒரு சரத்தை எடுத்து மாறியில் வைக்கும் வரியில் ‘கிளாஸ்காஸ்ட் எக்செப்ஷன்’ வரும். அந்த வரியில் வகைமாற்றம் (காஸ்ட்) எதுவும் எழுதியிருக்கமாட்டீர்கள்; நிரல்பெயர்ப்பி தானே செருகிய வகைமாற்றம்தான் உடைகிறது. நிரல்பெயர்க்கும்போது வந்த ‘அன்செக்டு’ எச்சரிக்கை சொன்னது இதைத்தான். அதை அடக்கிவைக்காதீர்கள்.

சி ஷார்ப்பில் வகைச் செயலுருபு ஓடும் நேரத்திலும் நிலைத்திருக்கும். அங்கே வேறொரு சிக்கல் எழுகிறது. அதற்கு ரிஃப்லெக்‌ஷன் வேண்டும்.

லத்தீனில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் வளைதல் என்று பொருள். ஒளி கண்ணாடியில் பட்டு மீள்வதற்கும் அதே சொல், மனம் தன்பக்கம் திரும்பித் தன்னை ஆராய்வதற்கும் அதே சொல். நிரலாக்கத்துக்கு வந்தது இரண்டாவது பொருள். 1982-இல் பிரையன் கான்ட்வெல் ஸ்மித் தம் முனைவர் பட்ட ஆய்வில், தன் செயல்பாட்டைத் தானே ஆராய்ந்து மாற்றக்கூடிய லிஸ்ப் மொழி வடிவம் ஒன்றை முன்வைத்தார். எனவே எதிரொளிப்பு, பிரதிபலிப்பு இரண்டும் இங்கே பொருந்தாது. இரண்டும் கண்ணாடியைத்தான் நினைவூட்டுகின்றன. தன்னாய்வு என்பதே சரி. நிரல் தன்னிடமுள்ள வகைகளையும் செயற்கூறுகளையும் தானே விசாரித்து, பெயரை வைத்தே அழைக்கவும் செய்கிறது.

இப்போது சிக்கல். சி ஷார்ப்பில் வாசி<வ>() என்ற பொதுவினச் செயற்கூறு இருக்கிறது. எந்த வகையை வாசிக்க வேண்டும் என்பது ஓடும்போதுதான் தெரியும். அந்த வகையைக் குறிக்கும் ‘டைப்’ பொருள் ‘இலக்கு’ என்ற மாறியில் இருக்கிறது. வாசி<இலக்கு>() என்று எழுதினால், இலக்கு ஒரு மாறி, அதை வகைபோல் பயன்படுத்துகிறீர்கள் என்று நிரல்பெயர்ப்பி மறுக்கும். கோண அடைப்புக்குள் வரவேண்டியது நிரல்பெயர்ப்பு நேரத்து வகை. உங்களிடம் இருப்பதோ இயக்க நேரத்துப் பொருள். ஒன்றை மற்றொன்றாக்கும் பாலம் மூன்று படி: ‘கெட்மெத்தட்’ கொண்டு செயற்கூறின் விவரத்தைப் பெறுங்கள், ‘மேக்ஜெனரிக்மெத்தட்’டிடம் இலக்கைக் கொடுத்து வகையை நிரப்புங்கள், ‘இன்வோக்’ கொண்டு அழையுங்கள்.

ஒவ்வொரு படியும் தன் வழியில் தவறும். செயற்கூறு தனிப்பட்டதாக (பிரைவேட்) இருந்து, அதையும் தேடு என்று சொல்லும் ‘பைண்டிங்ஃப்ளாக்ஸ்’ கொடுக்காவிட்டால் முதல் படியில் பிழை வராது, வெறுமை (நல்) திரும்பி வரும். விழுவது அடுத்த வரியில். அதே பெயரில் இரண்டு செயற்கூறுகள் இருந்தால் எதுவென்று தெரியாமல் விதிவிலக்கு (எக்செப்ஷன்) எழும். வகை அளபுருவுக்கு வைத்த கட்டுப்பாட்டை இலக்கு மீறினால் இரண்டாம் படி உடையும். ‘வாசி’க்குள்ளேயே பிழை நேர்ந்தால், ‘டார்கெட் இன்வொகேஷன் எக்செப்ஷன்’ என்ற உறைக்குள் மூடி வரும். உண்மைப் பிழை அதன் ‘இன்னர் எக்செப்ஷன்’ பண்பில் இருக்கும். ஒரே வகைக்கு ஆயிரம் முறை அழைக்க வேண்டியிருந்தால் முதல் இரு படிகளின் விளைவை நிரலில் ஓர் அகராதி (டிக்ஷனரி) அமைப்பில் சேமித்துக்கொள்ளுங்கள். வகைகள் நாலைந்துதான், முன்கூட்டியே தெரியும் என்றால் தன்னாய்வே வேண்டாம். நேரடியாகக் கிளைபிரித்து எழுதினால் சரிபார்க்கும் வேலை நிரல்பெயர்ப்பியிடமே இருக்கும்.

ஜாவாவில் பாலம் எதிர்த்திசையில் போகிறது. அழிந்துபோகும் வகையைக் காப்பாற்ற, கிளாஸ்<வ> என்ற ஒரு சாதாரண அளபுருவைக் கூடுதலாக வையுங்கள். அழைப்பவர் சரத்தின் ‘கிளாஸ்’ பொருளைக் கையில் கொடுப்பார்; அதனிடம் ஆக்கியைக் (கன்ஸ்ட்ரக்டர்) கேட்டு, ‘நியூஇன்ஸ்டன்ஸ்’ கொண்டு பொருளை உருவாக்கலாம். திரும்பும் மதிப்பும் ‘வ’ வகையாகவே இருப்பதால் அழைப்பவர் வகைமாற்றம் செய்ய வேண்டியதில்லை. பட்டியல்<சரம்> என்பதற்கு மட்டும் இது உதவாது, ஏனெனில் அதற்கெனத் தனி ‘கிளாஸ்’ பொருள் கிடையாது. அதற்கு ஜிசான் (Gson) என்ற ஜாவா நிரல் நூலகத்தின் ‘டைப்டோக்கன்’ போன்ற முறை வேண்டும்: பெயரில்லாத துணை இனக்குழு ஒன்றை அங்கேயே உருவாக்கினால், தாய் இனக்குழுவின் வகைச் செயலுருபு கிளாஸ் கோப்பில் பதிவாகிவிடும். பயன்பாட்டில் அழிந்தாலும் அறிவிப்பில் எழுதிய வகை அழிவதில்லை. தன்னாய்வு அதை அங்கிருந்து படித்தெடுக்கிறது.